குத்தகைக் கார்: கெடு முடிந்தபின் வாங்குவதா, மாற்றுவதா?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்கப்பட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "குத்தகைக்கு எடுத்த காரின் கெடு முடியப்போகிறது. கம்பெனிக்காரர் கேட்கும் தொகையைக் கொடுத்து வண்டியை நாமே எடுத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வண்டி பார்ப்பதா?" என்பதே அது. கேட்பவர்கள் இரு வகையினர். துணி விற்பனைக்காகவும் விளைபொருள் கொள்முதலுக்காகவும் பல ஊர்களுக்குச் சென்றுவர வேண்டிய சங்கங்களின் காரியதரிசிகள் ஒரு வகையினர். சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்க்கும் மகனோ மகளோ சம்பளப் பிடித்தத்தின் வழியாகக் கார் எடுத்திருக்க, அதன்பொருட்டு யோசனை கேட்கப்பட்ட அங்கத்தினர்கள் மற்றொரு வகையினர். இருவருக்கும் கேள்வி ஒன்றே. கணக்கும் பெரும்பாலும் ஒன்றே. சங்கத்தைப் பொறுத்தவரை, செலவாகும் பணம் தறிக்கூலியிலும் விளைபொருள் கமிஷனிலும் காசு காசாகச் சேர்ந்தது என்பது மட்டுமே வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று.

முதலில் குத்தகை என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் ஒத்திக்கு வைப்பதும் வேறு வேறு என்பது விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குத்தகைக்காரன் பயிர் செய்கிறான்; நிலம் நிலத்துக்குடையவனுடையதே. கார் விஷயத்திலும் அப்படியே. கடன் வாங்கிக் கார் வாங்கினால், கார் நம்முடையது; கடன் கொடுத்தவருக்கு அதன்மேல் ஈடு மட்டும் உண்டு. கடைசித் தவணை கட்டியவுடன் ஈடு நீங்கிவிடும். குத்தகைக்கு எடுத்தாலோ, மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் மாதந்தோறும் நாம் கட்டுவது வண்டி தேய்ந்ததற்கும், அதில் முடங்கிய பணத்தின் வட்டிக்கும், கம்பெனியின் செலவுக்கும் உரிய தொகை. கடைசி மாத வாடகை கட்டியபின்னும் கார் கம்பெனியுடையதே. அதை நமதாக்கிக்கொள்ள வேண்டுமானால் இன்னொரு தொகை கொடுக்க வேண்டும். இத்தொகை பெரும்பாலும் ஒப்பந்தம் எழுதிய நாளிலேயே குறிக்கப்பட்டிருக்கும். இக்கட்டுரையில் அதை முடிவு விலை என்று அழைப்போம்.

இந்த முடிவு விலை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது? நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று கம்பெனி முன்கூட்டியே ஒரு மதிப்புப் போடுகிறது. அது ஓர் ஊகமே. பருவம் தொடங்குமுன் மஞ்சளுக்கு விலை பேசுவதைப் போன்றது. அறுவடையின்போது சந்தை ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். காகிதத்தில் எழுதிய எண் மட்டும் மாறாது. வாங்குவதா மாற்றுவதா என்ற கேள்வியின் உயிர்நிலை இவ்விடத்தில்தான் இருக்கிறது. அன்று எழுதிய எண்ணுக்கும் இன்றைய சந்தைக்கும் உள்ள இடைவெளியை அறியாமல் செய்யும் எந்த முடிவும் இருட்டில் தறி ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

இவ்விடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு, குத்தகைக் கார் முறை வெகு காலமாக வேரூன்றியுள்ள அமெரிக்க நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே 1976 ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் குத்தகைச் சட்டம் இயற்றப்பட்டு, வாங்கும் உரிமை உண்டா, உண்டென்றால் என்ன விலை என்பதை ஒப்பந்தத்திலேயே தெரிவிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் குத்தகைக்கு எடுத்தவர்களின் கெடு 2021, 2022 இல் முடிந்தது. அச்சமயம் கொரோனாத் தொற்றின் பின்விளைவாக, கார்களுக்கு வேண்டிய அரைக்கடத்திச் சில்லுகள் கிடைக்காமல் தொழிற்சாலைகள் தடைப்பட்டன. புதுக் கார் இல்லாததால் பழைய கார்களை நாடி மக்கள் திரண்டனர். 2022 ஜனவரியில் அந்நாட்டுச் சர்க்காரின் விலைவாசிக் குறியீட்டெண்படி பழைய கார்களின் விலை முந்தைய ஜனவரியைவிடச் சுமார் 40 சதவிகிதம் உயர்ந்திருந்தது. ஆனால் குத்தகைக்காரர்களின் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததோ பழைய விலை! காகிதத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவ்விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான டாலர் லாபம் கண்டனர். பாராமல் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள் அந்த லாபத்தைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு வந்தனர்.

எதிர்ப்பக்கமும் அங்கேயே நடந்தது. 2023 ஜனவரியில் டெஸ்லா கம்பெனி தன் புதிய மின்சாரக் கார்களின் விலையைக் குறைத்தது. புதியதன் விலை இறங்கியதும் பழையதன் விலையும் கூடவே இறங்கியது. மின்சாரக் கார்களைப் பெருமளவில் வாங்கி வாடகைக்கு விட்டுவந்த ஹெர்ட்ஸ் கம்பெனி, 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிடப்போவதாக அறிவித்தது. இத்தகைய சமயத்தில் உயர்ந்த முடிவு விலை எழுதப்பட்ட குத்தகைக்காரனுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே லாபம். இறக்கத்தின் நஷ்டம் கம்பெனியைச் சேரும்.

நம் நாட்டிலும் அண்மையில் இதுபோன்ற ஒரு திருப்பம் ஏற்பட்டது. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் முதல் சரக்கு, சேவை வரி விகிதங்கள் திருத்தப்பட்டன. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உடைய சிறு கார்களுக்கு அதுவரை வரி 28 சதவிகிதமும் அதன்மேல் 1 சதவிகித செஸ்ஸுமாக இருந்தது. அது 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. வரியுடன் ரூ. 7,40,000 கடைவிலையாக இருந்த ஒரு காரை எடுத்துக்கொண்டால், மற்றவை மாறாதிருக்க, அதன் விலை சுமார் ரூ. 6,77,000 ஆகிறது. அஃதாவது ரூ. 63,000 குறைவு. புதியதே இவ்வளவு குறைந்தால் நான்கு வருஷம் ஓடிய அதே காருக்குப் பழைய விலையை யார் கொடுப்பார்? 2022, 2023 ஆம் ஆண்டுகளில் எழுதிய ஒப்பந்தங்களில் உள்ள முடிவு விலை, இக்குறைப்பு வருமென்று அறியாமல் எழுதப்பட்டது. ஆகவே "போன வருஷம் பக்கத்துச் சங்கத்தார் வாங்கிக்கொண்டார்கள், அவர்களுக்கு லாபமாயிற்று" என்ற சாட்சியம் இவ்வருஷம் செல்லுபடியாகாது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவிகித வரி அப்படியே நீடித்ததால் அவற்றின் கணக்கு வேறு.

இனி நிர்வாக சபைக் கூட்டங்களில் எழும் ஒரு வாதத்தைக் கவனிப்போம். "நாற்பத்தெட்டு மாதம் வாடகை கட்டியிருக்கிறோம், இவ்வளவு கட்டிய வண்டியை விட்டுவிடுவதா?" என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்கத் தவறுவதில்லை. கேட்பவரின் மனவருத்தம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அந்த வாடகை நாற்பத்தெட்டு மாதம் வண்டியை ஓட்டியதற்குக் கொடுத்த கூலி. அது தீர்ந்துபோன கணக்கு. நெசவாளர்களுக்கு இதை எளிதில் விளங்கவைக்கலாம். கிலோ இன்ன விலையென்று நூல் வாங்கி நெய்த சேலை கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது. அதை இன்று விற்பதா, வைத்திருப்பதா என்பதைத் தீர்மானிப்பது இன்றைய கிராக்கியும் நாளைய கிராக்கியுமே. நூலுக்குக் கொடுத்த விலையன்று. கட்டிய வாடகையை முடிவு விலையோடு கூட்டி, "மொத்தம் பத்து லட்சம் ஆயிற்றே" என்று மலைப்பதும் இதே தவற்றின் மறுபக்கம்.

ஆகவே கணக்கை இன்றையிலிருந்து தொடங்கவேண்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இதில் வரும் எண்கள் வழிகாட்டிக்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சங்கம் நான்கு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த சிறு பெட்ரோல் கார். 60,000 கிலோமீட்டர் ஓடியது. முடிவு விலை ரூ. 3,00,000. அதே ரகத்தில், அதே வயதில், அவ்வளவே ஓடிய வண்டிகளை விசாரித்ததில் சந்தை விலை ரூ. 4,10,000 என்று தெரிகிறது. வாங்கினால், பெயர் மாற்றம் முதலிய செலவுக்கு ரூ. 20,000, நான்கு டயர், பேட்டரி, கிளட்ச், பொதுப் பழுது ஆகியவற்றுக்கு ரூ. 50,000. ஆக முதலில் போடவேண்டியது ரூ. 3,70,000. இன்னும் ஐந்து வருஷம் ஓட்டியபின் ரூ. 1,50,000க்கு விற்கலாமென்று வைத்தால், ஐந்து வருஷத் தேய்மானம் ரூ. 2,20,000, வருஷத்துக்கு ரூ. 44,000. பழைய வண்டியாதலால் பழுதுபார்ப்புக்கு வருஷம் ரூ. 25,000 ஒதுக்குவோம், இன்ஷூரன்ஸ் ரூ. 12,000. முடங்கும் பணத்துக்கு வட்டி உண்டல்லவா? சராசரியாக ரூ. 2,60,000 முடங்குகிறது, 9 சதவிகிதத்தில் ரூ. 23,400. ஆகமொத்தம் வருஷத்துக்கு ரூ. 1,04,400.

புது வண்டி வாங்கினால், சாலைக்கு வரும்போது ரூ. 8,00,000. ஐந்து வருஷம் கழித்து ரூ. 4,00,000க்கு விற்கலாம். தேய்மானம் வருஷம் ரூ. 80,000, பழுது ரூ. 10,000, இன்ஷூரன்ஸ் ரூ. 25,000, சராசரியாக முடங்கும் ரூ. 6,00,000க்கு வட்டி ரூ. 54,000. மொத்தம் வருஷத்துக்கு ரூ. 1,69,000. பழைய வண்டிக்கும் இதற்கும் வருஷ வித்தியாசம் ரூ. 64,600, ஐந்து வருஷத்தில் ரூ. 3,23,000. பெட்ரோலும் டிரைவரும் இரண்டுக்கும் பொதுவாதலால் இங்கே சேர்க்கவில்லை.

இதிலிருந்து எப்பொழுதும் பழைய வண்டியை வாங்குவதே நன்று என்று கொள்ளலாகாது. முடிவு விலை ரூ. 3,00,000க்குப் பதில் ரூ. 4,80,000 என்று எழுதியிருந்தால்? சந்தையில் ரூ. 4,10,000க்குக் கிடைப்பதற்கு ரூ. 70,000 அதிகம் கொடுப்பதாகும். அப்பொழுது செய்யவேண்டியது கம்பெனிக்கு எழுதிச் சந்தை நிலவரத்தைக் காட்டிக் குறைக்கக் கேட்பது. பலர் இதைக் கேட்பதேயில்லை. அச்சிட்ட எண் அசையாது என்று நினைத்துவிடுகிறார்கள். திரும்பி வந்த வண்டியை எடுத்துப்போய் நிறுத்தி, சுத்தம் செய்து, ஏலம் விடக் கம்பெனிக்கும் செலவுண்டு. ஆகையால் இறங்கி வர அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. இறங்கி வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் திருப்பிக் கொடுப்பதும் இலவசமன்று. ஒப்பந்தத்தில் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு எழுதியிருக்கும். மிஞ்சி ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு தொகை உண்டு. ஒடுங்கல், கீறல், கிழிந்த இருக்கை ஆகியவற்றுக்கும் பிடித்தம் உண்டு. வண்டியை நாமே வாங்கிவிட்டால் இவை பொதுவாக எழா. மேற்சொன்ன உதாரணத்தில் அப்பிடித்தங்கள் ரூ. 45,000 ஆகுமென்றால், வாங்குவதால் ரூ. 70,000 நஷ்டம், திருப்புவதால் ரூ. 45,000 நஷ்டம், திருப்புவதில் மிச்சம் ரூ. 25,000 மட்டுமே. அந்த ரூ. 25,000க்காக அறியாத வண்டியொன்றை வெளியில் வாங்குவது தகுமா என்பது யோசிக்கவேண்டியது.

ஏனெனில் கைப்பழக்கமுள்ள வண்டிக்கு ஒரு மதிப்பு உண்டு. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அப்படியும் வீட்டுக்கு வந்தபின்தான் அதன் குணம் தெரிகிறது. தன் தொழுவத்தில் நான்கு வருஷம் நின்ற மாட்டைப் பற்றியோ பார்க்க ஒன்றுமில்லை. எண்ணெய் எப்பொழுது மாற்றியது, எங்கே இடித்தது, மழைநீரில் நின்றதா என்பனவெல்லாம் நமக்குத் தெரியும். சந்தையில் நிற்கும் வண்டியின் ஓட்டமானி திருத்தப்பட்டிருக்குமோ என்ற ஐயம் நம் வண்டியில் இல்லை. இந்தத் தெளிவு கெட்ட செய்தியையும் சொல்லும். வண்டி அடிக்கடி நின்றுபோனது, பெரிய விபத்தில் சட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்டது என்று நமக்கே தெரியுமானால், முடிவு விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்கவேண்டும். கம்பெனி எழுதிய எண்ணுக்கு அந்த விபத்து தெரியாது. ஆதலால் சங்கத்துக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரிடம், அஃதாவது வழக்கமாக நம் வேலையை எடுத்துச் செய்பவர் அல்லாத ஒருவரிடம், கட்டணம் கொடுத்து வண்டியைக் காட்டி, எழுத்தில் அறிக்கை பெறுவது நலம். ஓரிரண்டாயிரம் ரூபாய் செலவாகும், வீணன்று.

சந்தை விலையை எப்படி அறிவது என்றும் கேட்கிறார்கள். பழைய கார் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம், "விற்கப்போகிறோம், என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குவதே சிறந்தது. "வாங்கப்போகிறோம், என்ன விலை?" என்று கேட்டால் வேறு எண் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ளது உண்மை விலை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் எழுதியுள்ள மதிப்பும் ஒரு குறிப்புத் தரும். மூன்று வருஷத்துக்கு மேல் நான்கு வருஷம் வரை 40 சதவிகிதமும், அதற்கு மேல் ஐந்து வருஷம் வரை 50 சதவிகிதமும் கழிப்பது அவர்கள் வழக்கம். எனினும் அது நஷ்டஈட்டுக்காகப் போட்ட பொது அளவு. எல்லா ரகக் காரும் ஒரே வேகத்தில் விலை இழப்பதில்லை. ஆகவே அதைச் சந்தை விலை என்று தீர்மானத்தில் எழுதலாகாது.

இதுவரை வாங்குவதா மாற்றுவதா என்ற இரண்டையே பேசினோம். சங்கங்களைப் பொறுத்தவரை மூன்றாவது வழியொன்று உண்டு. நாம் கேட்கும்போதெல்லாம் முகம் சுளிக்கப்படும் வழி. சங்கத்துக்கு நிரந்தரமாக ஒரு கார் வேண்டுமா என்பதுதான் அது. நான்கு வருஷ ஓட்டப் பதிவேடு கையில் இருக்கிறதே. அதை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். மேலே கண்ட பழைய வண்டியின் ரூ. 1,04,400 உடன், பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 6 வீதம் ரூ. 72,000, டிரைவர் சம்பளம் மாதம் ரூ. 15,000 வீதம் ரூ. 1,80,000. மொத்தம் ரூ. 3,56,400. கிலோமீட்டருக்குச் சுமார் முப்பது ரூபாய்! வேண்டும்போது வாடகைக் கார் அமர்த்தினால், கிலோமீட்டருக்கு ரூ. 16 வீதம் ரூ. 1,92,000, நூறு நாட்களுக்கு டிரைவர் பேட்டா ரூ. 400 வீதம் ரூ. 40,000. மொத்தம் ரூ. 2,32,000. வருஷம் ரூ. 1,24,400 மிச்சம்.

இங்கே கணக்கைத் தீர்மானிப்பது காரே அன்று; டிரைவர் சம்பளம். காரியதரிசியே ஓட்டுகிறார் என்றால் சம்பளச் செலவு போய், சொந்த வண்டிக்கு ரூ. 1,76,400 தான் ஆகும். சொந்த வண்டியே மலிவு. டிரைவர் வைத்துத்தான் ஓட்டவேண்டுமென்றால், மாதம் 2,000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தில் ஓடினாலொழிய வாடகைக் கார் செலவோடு ஈடுகட்டாது. பெரும்பாலான நெசவாளர் சங்கங்கள் அவ்வளவு ஓட்டுவதில்லை என்பது நம் அபிப்பிராயம். வாசலில் சங்கத்தின் பெயர் எழுதிய கார் நிற்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கௌரவத்துக்கு வருஷம் இவ்வளவு என்று பேரேட்டில் தனித் தலைப்பிட்டு எழுதி, பேரவையின் முன் வைத்து அனுமதி பெற்றால் யாருக்கும் ஆட்சேபம் இராது. சரக்கு ஏற்றும் வண்டியின் நிலைமை வேறு. அதற்கு ஏற்றுக் கூலி மிச்சமாவதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அதைப் பிறிதொரு சமயம் பேசுவோம்.

உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளின் விஷயத்தில் தனியே கவனிக்கவேண்டியவை சில. சம்பள வழிக் குத்தகையில் வாடகை, சம்பளத்துக்கு வரி போடுமுன் கழிவதால் வருமான வரியில் மிச்சம் உண்டு. கெடு முடிந்து சொந்தமாக வாங்கிவிட்டால் அம்மிச்சம் நின்றுவிடும். புதிய குத்தகை எடுத்தால் தொடரும். அலுவலகத் தோழர்கள் புதியது எடுக்கச் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆனால் வரியில் மிச்சமாவது செலவழித்த தொகையில் ஒரு பங்குதான். நூறு ரூபாய் செலவு செய்து முப்பது ரூபாய் வரி மிச்சப்படுத்தினால் கையைவிட்டுப் போனது எழுபது. மேற்காட்டிய முறையில் இரண்டையும் வருஷச் செலவாக்கி, வரி மிச்சத்தைக் கழித்து, அதன்பின் ஒப்பிடவேண்டும். இன்னொன்று: கெடுவுக்கு முன் வேலை மாறினால் கணக்கே வேறாகிவிடும். மீதியுள்ள வாடகையும் முடிவு விலையும் சேர்ந்து ஒரே தொகையாகக் கேட்கப்படும். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை, கெடுவுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுவது நல்லது.

மின்சாரக் காராயின் பேட்டரியைப் பற்றி முதலில் விசாரியுங்கள். பேட்டரிக்கு வழக்கமாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. ஆனால் முதல் உடைமையாளரிடம் இருக்கும்வரை ஒருவிதமாகவும், கைமாறியபின் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட உத்தரவாதங்களும் இருக்கின்றன. பதிவுச் சான்று கம்பெனியின் பெயரில் இருந்தால், நான்கு வருஷம் ஓட்டியவரேயாயினும் வாங்கும்போது நாம் இரண்டாம் உடைமையாளர்தான். பிற்காலத்தில் விற்கும்போதும் மூன்றாம் கைக்குப் போகும் வண்டி என்று விலை சற்றுக் குறைத்தே கேட்பார்கள். சிலவற்றில் பதிவுச் சான்று நம் பெயரிலேயே இருந்து, குத்தகை மட்டும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு இத்தொல்லை இல்லை. ஆகவே பதிவுச் சான்றில் யார் பெயர் என்பதை முதல் வேலையாகப் பார்க்கவேண்டும்.

முடிவு விலையின்மேல் வரி உண்டா என்பதும் கேட்கவேண்டியது. ஒப்பந்தத்தில் ரூ. 3,00,000 என்று எழுதிவிட்டு, கடைசியில் 18 சதவிகிதம் வரி தனி என்று பில் வந்தால் ரூ. 54,000 கூடிவிடும், நம் உதாரணத்தில் லாபத்தில் பாதி போய்விடும். பழைய வண்டி விற்பனையில் சில நிலைமைகளில் லாபத்தின்மேல் மட்டும் வரி, சில நிலைமைகளில் முழு விலைமேலும் வரி. எதுவாயினும், "எல்லா வரியும் கட்டணமும் சேர்த்து நாங்கள் கொடுக்கவேண்டிய கடைசித் தொகை என்ன?" என்று கெடுவுக்கு மூன்று மாதம் முன்பே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் பெறவேண்டும். தொலைபேசியில் சொன்னதை நம்பித் தீர்மானம் நிறைவேற்றலாகாது.

சங்கத் தீர்மானத்தைப் பொறுத்தவரை, முடிவு விலைக் கடிதம், வியாபாரிகள் கொடுத்த விலைப்புள்ளிகள், மெக்கானிக் அறிக்கை, ஓட்டப் பதிவேட்டின் சுருக்கம், மேற்சொன்ன வருஷச் செலவுக் கணக்கு ஆகியவற்றைத் தீர்மானத்தோடு இணைத்து வைத்துவிட்டால், தணிக்கையின்போது யாரும் பதில் தேடி அலையவேண்டியதில்லை. "வண்டி வாங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும் மினிட் புத்தகங்களே பிற்பாடு விசாரணைக்கு இடம் தருகின்றன. பழைய வண்டியை நிர்வாக சபையினர் எவரேனும் தம் பெயருக்கு வாங்க விரும்பினால், அவர் அப்பொருள் பேசப்படும்போது வெளியே இருக்கவேண்டும். அதையும் மினிட்டில் எழுதவேண்டும்.

வாங்குவதென்று முடிவானபின் செய்யவேண்டிய காகித வேலை அதிகமில்லை. ஆனால் ஒன்றையும் விடலாகாது. கம்பெனியின் பெயரில் வண்டி இருந்தால் 29, 30 ஆம் எண் படிவங்களும், பதிவில் குத்தகைக் குறிப்பு இருந்தால் அதை நீக்க 35 ஆம் எண் படிவமும் கம்பெனியின் கையொப்பத்தோடு பெறவேண்டும். பாக்கி இல்லை என்ற கடிதமும் இரண்டாவது சாவியும் பணம் கொடுக்கும் அன்றே கைக்கு வரவேண்டும். வண்டியின்மேல் அபராதச் சலான் ஏதும் நிலுவையில் உண்டா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேற்று மாநிலத்தில் பதிவான வண்டியாயின், உதாரணமாகப் பெங்களூர் வண்டியை ஈரோட்டில் வைத்து ஓட்டப்போவதாயின், ஆட்சேபணையின்மைச் சான்றுக்கு 28 ஆம் எண் படிவம் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே நின்றால் இங்கே மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரி கட்டவேண்டும். முந்தைய மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். வந்து சேர நாளாகும். ஆதலால் அத்தொகையை வரவாக எண்ணாமலே கணக்குப் போடுவது நலம்.

இன்ஷூரன்ஸில் பெயர் மாற்றக் கேட்டு, உடைமை மாறிய 14 நாட்களுக்குள் எழுதவேண்டும். விபத்தில்லாத வருஷங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி பாலிசிதாரருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. குத்தகைக் காலத்தில் பாலிசி கம்பெனியின் பெயரில் இருந்திருந்தால் அத்தள்ளுபடி நமக்கு வராது. முதல் வருஷப் பிரீமியத்தை அதற்கேற்ப ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டாக் ஒட்டுவில்லையும் கம்பெனியின் கணக்கில் இருக்கக்கூடும். அதை ரத்துச் செய்து நம் பெயரில் புதியது வாங்கியபின்னரே வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்கவேண்டும்.